உருண்டைகளுக்கு நடுவே என்ன இருக்கிறது?

பள்ளிகளில் அறிவியல் புத்தகத்தின் முதல் பாடம் தொடங்கிவிட்டதா என்பதை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. எனக்கு வரும் கடிதங்களே சொல்லிவிடும். இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் பருப்பொருள், துகள், அணு பற்றியவை. 34 ஆண்டுகள் அதே பாடத்தை நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள் நான். சலித்துப் போயிருக்க வேண்டும். சலிக்கவில்லை. நான் வகுப்பில் அதிகமாகத் தவறு செய்ததும் இந்தப் பாடத்தில்தான் என்பது காரணமாக இருக்கலாம்.

கேள்வி: டீச்சர், திண்மம், நீர்மம், வாயு என்று மூன்று கட்டம் போட்டு, உள்ளே உருண்டைகள் வரைந்திருக்கிறார்கள். உருண்டைகளுக்கு நடுவே வெள்ளையாக இருக்கும் இடத்தில் என்ன இருக்கிறது? தேர்வில் "காற்று" என்று எழுதினேன். தவறு என்று அடித்துவிட்டார்கள். ஏன் என்று சொல்லவில்லை.
(ஒன்பதாம் வகுப்பு மாணவி)

பதில்: உன் விடையைப் படித்துச் சிரித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே, சிரித்தது என்னை நினைத்துத்தான். வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. கரும்பலகையில் நீர்மத்தின் துகள்களை வட்டம் வட்டமாக வரைந்துகொண்டிருந்தேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பையன் நீ கேட்ட இதே கேள்வியைக் கேட்டான். திரும்பிக்கூடப் பார்க்காமல் "காற்று" என்றேன். வகுப்பு முழுவதும் குனிந்து எழுதிக்கொண்டது. அவன் மட்டும் எழுதவில்லை. "அப்படியானால் காற்றின் உருண்டைகளுக்கு நடுவே என்ன டீச்சர்?" என்றான்.

சுண்ணக்கட்டி பலகையிலேயே நின்றுவிட்டது. நாளைக்குச் சொல்கிறேன் என்று சமாளித்தேன். மறுநாள் வந்து, நேற்று எழுதியதை எல்லாரும் அடித்துவிடுங்கள் என்றேன்.

விடை: ஒன்றுமில்லை. வெற்றிடம். காற்றும் துகள்களால் ஆனதுதான். துகள்களுக்கு இடையே காற்று என்று சொன்னால், அந்தக் காற்றுத் துகள்களுக்கு இடையே எதைப் போட்டு நிரப்புவது? எங்கேயாவது ஓரிடத்தில் "இங்கே எதுவும் இல்லை" என்று ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். மனிதர்களுக்கு இது எளிதாக இருந்ததில்லை. வெற்றிடம் என்ற ஒன்று இருக்கவே முடியாது என்று அரிஸ்டாட்டில் வாதிட்டார். அணுக்கொள்கை பல நூற்றாண்டுகள் ஓரங்கட்டப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே நீ தனியாள் இல்லை.

உன்னைக் குழப்பியதில் அந்தப் படத்துக்கும் பங்கு உண்டு. நடுக்கட்டத்தை மறுபடி பார். திண்மத்தில் உருண்டைகள் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. நீர்மத்தில் ஓர் உருண்டைக்கும் அடுத்ததற்கும் நடுவே இன்னோர் உருண்டை நுழையும் அளவுக்கு இடம் விட்டிருப்பார்கள். அது பொய். நீர்மத்தின் துகள்கள் ஏறக்குறையத் திண்மத்தில் உள்ள அளவுக்கே நெருங்கித்தான் கிடக்கின்றன. வரிசை கலைந்திருக்கும், ஒன்றையொன்று தாண்டி வழுக்கிச் செல்லும், அவ்வளவுதான். தண்ணீர் இன்னும் விசித்திரம். உறையும்போது அது சுமார் 9 சதவீதம் பெருக்கிறது. பனிக்கட்டியில்தான் மூலக்கூறுகளுக்கு இடையே அதிக இடம். அதனால்தான் அது மிதக்கிறது.

உண்மையான இடைவெளி வாயுவில்தான். கொதிநிலையில் உள்ள நீர் ஆவியானால் ஏறத்தாழ 1,600 மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். 1,600க்குக் கனமூலம் கிட்டத்தட்ட 12. அதாவது நீராவியில் ஒரு மூலக்கூறுக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம், நீரில் இருந்ததைப்போல் 12 மடங்கு. உன் புத்தகத்தின் அளவிலேயே மூன்றாவது கட்டத்தைச் சரியாக வரைந்தால் பக்கத்துக்கு ஓர் உருண்டை வந்தாலே அதிகம். அச்சகத்தார் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

நம்பிக்கை வராவிட்டால் ஊசி இல்லாத சிரிஞ்சு ஒன்றை எடுத்துக்கொள். காற்றை இழுத்து, முனையை விரலால் அடைத்து, தண்டை அழுத்து. பாதிவரை போகும், விட்டால் திரும்பி வரும். பிறகு தண்ணீரை நிரப்பி அழுத்திப் பார். சுவரைத் தள்ளுவதுபோல் இருக்கும். படத்தின் நடுக்கட்டத்தில் தெரிகிற அத்தனை இடம் உண்மையில் இருந்திருந்தால், தண்ணீரும் கொஞ்சமாவது உள்ளே போயிருக்க வேண்டும் அல்லவா?

கேள்வி: "பருப்பொருள் அல்லாதவை எவை?" என்ற கேள்விக்கு நிழல் என்று எழுதியதற்கு மதிப்பெண் கிடைத்தது. ஆனால் வெப்பத்தைப் பருப்பொருள் பட்டியலில் சேர்த்ததற்கு நண்பர்கள் கேலி செய்கிறார்கள். தீ மட்டும் எந்தப் பட்டியலில் வரும் என்று யாருக்கும் தெரியவில்லை.
(எட்டாம் வகுப்பு மாணவர்)

பதில்: கேலி செய்தவர்களிடம் லவாய்சியேயின் பெயரைச் சொல். நவீன வேதியியலின் தந்தை என்று புத்தகங்கள் கொண்டாடும் மனிதர். 1789இல் அவர் வெளியிட்ட நூலில் 33 தனிமங்களின் பட்டியல் இருக்கிறது. ஆக்சிஜன், ஹைட்ரஜன், தங்கம், வெள்ளி என்று வரிசையாகச் சொல்கிற அந்தப் பட்டியலின் தலையில் ஒளியும் "கலோரிக்" என்ற வெப்பமும் உட்கார்ந்திருக்கின்றன. தராசைத் தெய்வமாக மதித்த லவாய்சியேக்கே அந்தச் சந்தேகம் இருந்தது என்றால் உனக்கு வந்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மதிப்பெண் திரும்பக் கிடைக்காது, அது வேறு விஷயம்.

சோதனை எளிது. அதற்கு நிறை உண்டா? இடத்தை அடைக்கிறதா? இரும்புக் குண்டைச் சூடாக்கி நிறுத்தால், உங்கள் ஆய்வகத் தராசு எதுவும் எடை கூடியதாகக் காட்டாது. வெப்பம் என்று ஒரு சரக்கு உள்ளே புகவில்லை. இருந்த துகள்கள் முன்பைவிட வேகமாக ஆடுகின்றன.

காற்றையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "காற்றுக்கு எடை இல்லை" என்று நம்புகிற பெரியவர்களே நிறைய. ஒரு கன மீட்டர் காற்றின் நிறை சுமார் 1.2 கிலோ. 8 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள வகுப்பறையில் 170 கிலோவுக்கு மேல் காற்று இருக்கிறது. உங்கள் பெஞ்சுகளில் சிலவற்றைவிட அது கனம்.

தீ ஒரு பொருள் இல்லை, ஒரு நிகழ்வு. ஆனால் அந்த நிகழ்வு நடப்பது பருப்பொருளில்தான். மெழுகுவத்திச் சுடரை உற்றுப் பார். திரியை ஒட்டி ஒரு கருமையான பகுதி தெரியும். அது இன்னும் எரியாத மெழுகின் ஆவி. மேலே மஞ்சளாக ஒளிர்வது தணலாகச் சூடேறிய கரித்துகள்கள். குளிர்ந்த பீங்கான் தட்டின் விளிம்பை ஒரு நொடி மஞ்சள் பகுதியில் காட்டினால் அந்தத் துகள்கள் கறுப்பாகப் படியும். பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய். தேர்வில் இப்படிக் கேட்டால், "சுடரில் உள்ள வாயுக்களும் கரித்துகள்களும் பருப்பொருள், அது தரும் ஒளியும் வெப்பமும் பருப்பொருள் அல்ல" என்று இரண்டையும் பிரித்து எழுது.

கேள்வி: சோடியத்துக்கு ஏன் "எஸ்" என்று தொடங்கும் குறியீடு இல்லை?
(ஏழாம் வகுப்பு மாணவர்)

பதில்: அதன் லத்தீன் பெயர் நேட்ரியம், அதனால்தான் குறியீடு Na. பொட்டாசியத்துக்கு கேலியம், இரும்புக்கு ஃபெர்ரம், ஈயத்துக்குப் பிளம்பம். பெயரின் முதல் எழுத்துகளைக் குறியீடாக வைக்கும் முறையைக் கொண்டுவந்தவர் சுவீடன் நாட்டின் பெர்சிலியஸ். அதற்கு முன் டால்டன் வட்டங்களுக்குள் புள்ளியும் கோடும் போட்டு எழுதிக்கொண்டிருந்தார். அது நிலைத்திருந்தால் உங்களுக்கு வேதியியலோடு ஓவியத் தேர்வும் சேர்ந்து வந்திருக்கும்.

கேள்வி: செம்புக் கம்பியைக் காட்டி, "இதில் உள்ள ஒவ்வோர் அணுவும் இதே நிறத்தில் குட்டியாக இருக்குமா அம்மா?" என்று என் மகன் கேட்கிறான். ஆம் என்று சொல்லிவிட்டேன். பிறகு சந்தேகம் வந்துவிட்டது.
(ஒரு தாய்)

பதில்: சந்தேகம் வந்ததே, அது போதும். என்னைக் கேட்டால் இந்தப் பாடம் முழுவதிலும் முக்கியமான கேள்வி உங்கள் மகன் கேட்டதுதான். நம்மில் பலருக்கு அணு என்றால் மனத்தில் வருவது என்ன? ஒரு பொருளை வெட்டி, பாதியை வெட்டி, அதில் பாதியை வெட்டி, கடைசியில் கிடைக்கும் மிகச் சிறிய துண்டு. செம்பின் அணு என்றால் குட்டிச் செம்பு. அது சிவந்திருக்கும், பளபளக்கும், தட்டினால் தகடாகும், சூடாக்கினால் உருகும் என்று நினைக்கிறோம்.

அப்படி எதுவும் கிடையாது. உருகுவது என்றால் என்ன? வரிசையாக நின்ற அணுக்கள் வரிசை கலைந்து நகரத் தொடங்குவது. ஒற்றை அணுவுக்கு வரிசை ஏது? தனியாக நிற்கும் ஒருவரைப் பார்த்து "க்யூ நீளமாக இருக்கிறது" என்று யாராவது சொல்வார்களா? உருகுநிலை, கடினத்தன்மை, பளபளப்பு எல்லாம் கூட்டத்தின் குணங்கள். சூடேறும்போது கம்பி நீளும். அணுக்கள் பருப்பதில்லை, ஒன்றிலிருந்து ஒன்று சற்றே விலகி நின்று ஆடுகின்றன.

நிறத்துக்குத் தங்கத்தைவிட நல்ல சாட்சி இல்லை. கட்டித் தங்கம் மஞ்சள். அதையே ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய தகடாக அடித்து விளக்குக்கு எதிரே பிடித்தால், ஊடே வரும் ஒளி பச்சையாகத் தெரியும். இன்னும் நுணுக்கி, மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு அளவுள்ள மணிகளாக நீரில் மிதக்கவிட்டால், அந்த நீர் மாணிக்கச் சிவப்பு. மைக்கேல் ஃபாரடே 1857இல் இதை ஆராய்ந்து எழுதினார். அணுக்கள் மாறவில்லை. எத்தனை அணுக்கள் எப்படிக் கூடி நிற்கின்றன என்பது மட்டும் மாறியது, நிறம் மூன்றாகிவிட்டது. "ஒரு தங்க அணு என்ன நிறம்?" என்று இப்போது மகனிடமே திருப்பிக் கேளுங்கள். நல்ல சண்டை வரும்.

கேள்வி: அணுவைக் கண்ணால் பார்த்தவர் உண்டா? பார்க்காத ஒன்றை மாணவர்கள் ஏன் நம்ப வேண்டும்?
(ஒரு வாசகர்)

பதில்: நம்ப வேண்டாம், விசாரிக்கட்டும். 1900ஆம் ஆண்டுவரை உங்கள் பக்கம் பெரிய தலைகள் இருந்தன. இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் அணுக்களை ஏற்கவில்லை. வேதியியலாளர் வில்ஹெல்ம் ஓஸ்ட்வால்டும் ஏற்கவில்லை. கணக்குப் போட வசதியான கற்பனை என்பது அவர்கள் கட்சி.

வழக்கைத் திருப்பியது ஒரு தாவரவியலாளர் பார்த்த காட்சி. 1827இல் ராபர்ட் பிரவுன் மகரந்தத்துக்குள் இருந்து வந்த நுண்ணிய மணிகளை நீரில் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தார். அவை ஓயாமல் துடித்தன. உயிர் இருக்கிறதோ என்ற ஐயம் வந்தது. எனவே உயிரே இல்லாத பொருள்களைப் பொடித்துப் பார்த்தார்: கண்ணாடி, பாறைகள், எகிப்தின் ஸ்பிங்ஸ் சிலையிலிருந்து வந்த ஒரு துணுக்கு உட்பட. எல்லாம் துடித்தன. எந்தத் தாவரவியலாளர் இவ்வளவு பிடிவாதமாக இருப்பார் என்று எனக்கு இன்றும் வியப்பு.

அந்தத் துடிப்பின் காரணத்தைக் கணக்காகச் சொன்னவர் ஐன்ஸ்டீன், 1905இல். கண்ணுக்குத் தெரியாத நீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் வந்து மோதுகின்றன. ஒரு கணம் இடது பக்கம் அடி சற்று அதிகம், அடுத்த கணம் வலது பக்கம். மணி எவ்வளவு நேரத்தில் எவ்வளவு தூரம் விலகும் என்பதை அந்தக் கணக்கிலிருந்து முன்கூட்டியே சொல்லலாம். பிரான்ஸில் ழான் பெர்ரன், காம்போஜ் என்னும் மஞ்சள் பிசினைச் சீரான மணிகளாக்கி, நுண்ணோக்கியின் கீழ் அவை நகர்ந்த இடங்களை ஒவ்வொன்றாகக் குறித்து அளந்தார். கணக்கும் அளவும் பொருந்தின. ஓஸ்ட்வால்ட் தன் கருத்தை மாற்றிக்கொண்டு அணுக்களை ஏற்றார். பெர்ரனுக்கு 1926இல் நோபல் பரிசு கிடைத்தது.

"பார்த்தார்களா" என்பதற்கும் விடை உண்டு. 1981இல் பின்னிக், ரோரர் இருவரும் ஓர் ஊசிமுனையைப் பரப்பின் மேல் தொட்டும் தொடாமலும் நகர்த்தி, அணுக்களின் மேடுபள்ளத்தைப் படமாக்கும் கருவியை உருவாக்கினார்கள். 1989இல் ஐபிஎம் ஆய்வகத்தில் 35 செனான் அணுக்களை ஒவ்வொன்றாக நகர்த்தி நிறுவனத்தின் பெயரை எழுதினார்கள். கண்டுபிடிப்பின் முதல் பயன் விளம்பரம்!

எனக்குப் பிடித்தது வேறொன்று. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு மாணவர் எடுத்து, 2018இல் பரிசு பெற்ற புகைப்படம். இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு உலோக முனைகள். நடுவே இருட்டில் ஊதா கலந்த நீலத்தில் ஒரு புள்ளி. மின்புலத்தால் பிடித்து நிறுத்தப்பட்ட ஒற்றை ஸ்ட்ரான்சியம் அணு. லேசர் பட்டு அது உமிழ்ந்த ஒளியைச் சாதாரணக் கேமரா நீண்ட நேரம் திறந்திருந்து பதிவு செய்தது. இப்போது முந்தைய கேள்வியைக் கேட்ட தாய் என்னைப் பிடித்துக்கொள்ளலாம்: "அணுவுக்கு நிறம் இல்லை என்றீர்களே?" ஸ்ட்ரான்சியம் உலோகத்தின் நிறம் வெள்ளி. அந்தப் புள்ளி நீலம். உலோகத்தின் நிறத்தை அணு தன்னோடு கொண்டுவரவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

கேள்வி: 50 மில்லிலிட்டர் நீரையும் 50 மில்லிலிட்டர் எத்தனாலையும் கலந்தால் 100 வரவில்லை. ஆய்வகத்தில் கொட்டிவிட்டோமா?
(பதினொன்றாம் வகுப்பு மாணவிகள் இருவர்)

பதில்: கொட்டவில்லை. 96 அல்லது 97 வந்திருக்கும். கலப்பதற்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பாருங்கள், நிறை அப்படியே இருக்கும். இரண்டு வகை மூலக்கூறுகளும் ஒன்றையொன்று ஈர்த்து, தனித்தனியாக இருந்ததைவிட நெருக்கமாக அடுக்கிக்கொள்கின்றன. குறைந்தது இடைவெளிதான், பொருள் அல்ல.

கேள்வி: அணு பாடத்தை நடத்தும்போது டெமாக்ரிட்டஸ், டால்டன், தாம்சன், ரூதர்ஃபோர்டு, போர் என்று வரிசையாகப் போகிறேன். பிள்ளைகள் ஆண்டுகளை மனப்பாடம் செய்கிறார்கள். அணுவை உணர்ந்ததாகத் தெரியவில்லை. எப்படித் தொடங்கலாம்?
(ஓர் ஆசிரியர்)

பதில்: அந்த வரிசையில் நானும் பத்து ஆண்டுகள் நடந்தேன், ஐயா. பிறகு முதல் நாள் பெயர் எதுவும் சொல்லாமல் ஒரு படிகத்தோடு வகுப்புக்குப் போகத் தொடங்கினேன்.

பொட்டாசியம் பெர்மாங்கனேட். கடுகளவுகூட வேண்டாம், ஒரு மில்லிமீட்டர் அளவில் ஒன்று போதும். இடுக்கியால் எடுங்கள். கையால் தொட்டால் விரலில் ஏறும் பழுப்புக்கறை இரண்டு நாள் உங்களைக் காட்டிக்கொடுக்கும். உயரமான கண்ணாடிக் குவளையில் நீரை ஊற்றி, அசைவு அடங்கும்வரை காத்திருங்கள். பிள்ளைகளால் அந்த ஐந்து நிமிடம் சும்மா இருக்க முடியாது, பரவாயில்லை. பிறகு படிகத்தை விடுங்கள். விழும் வழியிலேயே ஊதா நூல் ஒன்று பின்னால் நீளும். அடியில் போய் உட்கார்ந்ததும் அதைச் சுற்றி ஓர் ஊதாக் குட்டை உருவாகும். அதன் விளிம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். கத்தியால் வெட்டினாற்போல் இருந்தது மெல்ல மெல்லக் கலங்கி, எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாமல் போகும். யாரும் கலக்கவில்லை. யார் நகர்த்துகிறார்கள்?

இங்கே ஓர் எச்சரிக்கை. "துகள்கள் தாமாகவே பரவி விரவுவதால் அரை மணியில் நிறம் மேலே வந்துவிட்டது" என்று சொல்லிவிடாதீர்கள். நானும் சொல்லியிருக்கிறேன், தவறு. முழுக்க விரவலால் மட்டும் நிறம் ஒரு விரல் உயரம் ஏற வாரக்கணக்கில் ஆகும். வகுப்பில் அது சீக்கிரம் ஏறுவதற்குக் காரணம் நீருக்குள் நமக்குத் தெரியாமல் ஓடும் நீரோட்டம். சுடுநீரில் இது இன்னும் அதிகம். வாசனைக்கும் இதே கதை. காற்றின் மூலக்கூறுகள் நொடிக்குச் சுமார் 500 மீட்டர் வேகத்தில் பறக்கின்றன என்றதும், "அப்படியானால் வாசனைக் குப்பியைத் திறந்த கணமே கடைசி பெஞ்சுக்கு மணக்க வேண்டுமே?" என்று 19ஆம் நூற்றாண்டில் பைஸ் பாலட் என்ற டச்சு அறிஞர் மடக்கினார். ஒவ்வொரு மூலக்கூறும் சிறிது தூரம் போவதற்குள் இன்னொன்றின் மேல் மோதித் திசை மாறுகிறது என்று 1858இல் ஜெர்மன் இயற்பியலாளர் கிளாசியஸ் விடை சொன்னார். நொடிக்கு எழுநூறு கோடி மோதல்கள் என்ற அளவில். நெரிசலில் ஓடுகிறவன் எவ்வளவு வேகமாக ஓடி என்ன பயன்?

அடுத்து அந்தக் குவளையைக் கலக்கி ஒரு லிட்டராக்குங்கள். வெளிர் இளஞ்சிவப்பு தெரியும். எந்தத் துளியை எடுத்தாலும் நிறம் இருக்கும். அப்படியானால் அந்த ஒரு மில்லிமீட்டர் படிகம் குறைந்தபட்சம் எத்தனை துண்டுகளாகியிருக்க வேண்டும்? பிள்ளைகளைச் சொல்ல விடுங்கள். ஆயிரம் என்பார்கள், துணிந்தவன் லட்சம் என்பான். உண்மையில் அதில் இருந்தது ஏறத்தாழ லட்சம் கோடி கோடி அயனிகள், அதாவது மின்னூட்டம் பெற்ற துகள்கள்.

எண் பெரிதாகிவிட்டால் யாருக்கும் உறைக்காது. ஆகவே இதையும் சொல்வேன்: ஒரு துளி நீரில் ஒன்றரைக் கோடி கோடி கோடிக்கும் மேல் மூலக்கூறுகள். உலகத்தில் உள்ள 800 கோடிப் பேரும் அந்தத் துளியைப் பங்கிட்டுக்கொண்டு, நொடிக்கு ஒன்று வீதம் உறங்காமல் எண்ணினால், முடிக்க ஆறாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இதைச் சொன்ன மறுநாள் ஒரு மாணவி கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வந்து, லீப் ஆண்டுகளை நான் சேர்க்கவில்லை என்று குற்றம் சாட்டினாள். அன்று பாடம் போய்ச் சேர்ந்தது என்று தெரிந்துகொண்டேன். டால்டன் அடுத்த வாரம் வரட்டும்.

கேள்வி: மணல் ஊற்றினால் ஓடுகிறது, பாத்திரத்தின் வடிவத்தை எடுக்கிறது. அப்போது அது நீர்மம்தானே?
(ஆறாம் வகுப்பு மாணவர்)

பதில்: ஒரே ஒரு மணியை எடுத்து வேறொரு பாத்திரத்தில் போடு. அது வடிவம் மாறுகிறதா? மணல் என்பது குட்டித் திண்மங்களின் கும்பல். மேலும், மணலைக் குவித்தால் கூம்பாக நிற்கும். தண்ணீரைக் குவித்துக் காட்டு, பார்க்கலாம்.

கேள்வி: அணு என்றால் பிளக்க முடியாதது என்று படித்தோம். அதைப் பிளந்தும் விட்டார்கள். பெயரை மாற்ற வேண்டாமா?
(கல்லூரி மாணவர்)

பதில்: மாற்ற வேண்டியவர்கள் கிரேக்கச் சொல்லை வைத்திருப்பவர்கள். "அட்டமோஸ்" என்றால்தான் வெட்ட முடியாதது. நம் "அணு"வுக்கு மிகச் சிறியது என்றுதான் பொருள். பிளந்தாலும் பெயர் பொய்யாகவில்லை.

டால்டன் 1808இல் எழுதியபோது அணு பிளவுபடாதது என்றே நம்பினார். நீரில் ஒரு ஹைட்ரஜனுக்கு ஓர் ஆக்சிஜன் என்றும் நம்பினார், அதுவும் தவறு. ஆனாலும் ஒவ்வொரு தனிமத்தின் அணுவுக்கும் தனி நிறை உண்டு, அவை எளிய முழு எண் விகிதத்தில் சேரும் என்ற அவருடைய எண்ணம் பிழைத்துக்கொண்டது. 1897இல் தாம்சன் எலக்ட்ரானைக் கண்டார், அணுவுக்குள் உறுப்புகள் உண்டு என்றாகிவிட்டது.

பிறகு வந்ததுதான் சுவாரசியம். 1909இல் மான்செஸ்டரில், ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில், கதிரியக்கப் பொருள் உமிழும் ஆல்பா துகள்களை மெல்லிய உலோகத் தகட்டின் மேல் ஏவிப் பார்த்தவர்கள் கைகரும் மார்ஸ்டெனும். மார்ஸ்டெனுக்கு அப்போது இருபது வயது; உங்களைப்போல் பட்டப்படிப்பு மாணவர். இருட்டறையில் கண் பழகும்வரை காத்திருந்து, ஒளிரும் திரையில் மின்னும் பொறிகளை நுண்ணோக்கியில் பார்த்து ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். பெரும்பாலான துகள்கள் தகடே இல்லாததுபோல் ஊடுருவிப் போயின. சுமார் 8,000க்கு ஒன்று திரும்பி வந்தது. அந்த ஒன்றை அளவுப் பிழை என்று தள்ளிவிட்டிருக்கலாம். தள்ளவில்லை. 1911இல் ரூதர்ஃபோர்டு அதற்குப் பொருள் சொன்னார்: அணுவின் நிறை ஏறக்குறைய முழுவதும் நடுவில் மிகச் சிறிய கருவில் குவிந்திருக்கிறது. கருவை ஒரு சென்டிமீட்டர் கோலிக்குண்டு என்று வைத்துக்கொண்டால், முழு அணுவின் குறுக்களவு சில நூறு மீட்டர் இருக்கும்.

என் மூன்றாவது பெஞ்சுப் பையன் இதை நடத்தும்போதும் வகுப்பில் இருந்தான், ஒன்பதாம் வகுப்புக்கு வந்திருந்தான். கை தூக்கினான். "கருவுக்கும் எலக்ட்ரானுக்கும் நடுவே என்ன டீச்சர்?" இந்த முறை நான் தயாராக இருந்தேன், காற்று என்று சொல்லவில்லை.

கேள்வி: அணுவுக்குள் பெரும்பகுதி வெற்றிடம் என்றால், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நான் ஏன் அதன் ஊடே விழுவதில்லை?
(ஒரு வாசகி)

பதில்: "வெற்றிடம்" என்பதை வெறும் அறை என்று எடுத்துக்கொள்வதால் வரும் சிக்கல். கரு மட்டும் பொருள், எலக்ட்ரான்கள் சூரியனைச் சுற்றும் கோள்கள்போல் எங்கோ தொலைவில் புள்ளிகளாகச் சுற்றுகின்றன என்று நினைத்தால் விழத்தான் வேண்டும். எலக்ட்ரான் அப்படி ஒரு புள்ளியாக ஓரிடத்தில் இருப்பதில்லை. கருவைச் சுற்றிய அந்த இடம் முழுவதும் மேகம்போல் விரிந்திருக்கிறது. உங்கள் உடையின் அணுக்களும் நாற்காலியின் அணுக்களும் நெருங்கும்போது இரண்டு மேகங்களும் ஒன்றுக்குள் ஒன்று புக மறுக்கின்றன. ஒரே வகை மின்னூட்டம் விலக்குகிறது என்பது ஒரு காரணம். ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்க முடியாது என்று 1925இல் இயற்பியலாளர் பவுலி சொன்ன விதி இன்னொரு காரணம், இதில் அதற்கே கூடுதல் பங்கு. நீங்கள் உட்காரும்போது உணரும் அழுத்தம் முழுவதும் அந்த மறுப்புதான்.

உட்காரும்போது நாற்காலி ஆடுகிறது என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு எலக்ட்ரான்கள் பொறுப்பல்ல. தச்சரைக் கூப்பிடுங்கள்.